பேய்க்கதையைக் காதால் கேட்பது: கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் ரீசார்ஜ், ஹெட்செட், சார்ஜர் விற்கிற சின்னக் கடை என்னுடையது. திகில் நாவல்களை ஆடியோபுக்காகக் கேட்கிற பழக்கம் எனக்கு உண்டு என்பது தெரிந்துபோனதால், ஹெட்செட் வாங்க வருகிறவர்கள் கூடவே நாலு சந்தேகமும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். ஆள்தான் மாறுகிறது, சந்தேகம் மாறுவதில்லை. கேட்டவர்கள் பேசிய மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். சுலபமானவை முதலில், போகப் போகச் சிக்கலானவை.

ஆடியோபுக்னா என்னக்கா, ரேடியோ நாடகம் மாதிரியா?

இல்லை. நாடகத்தில் ஆளுக்கொரு குரல் இருக்கும், கதவு கிறீச்சிடும், பின்னணி இசை வரும். ஆடியோபுக்கில் பெரும்பாலும் ஒரே ஒருவர், நாவலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அப்படியே வாசிப்பார். கதவுச் சத்தம் தனியாக வராது. கதவு சத்தம் போட்டது என்று அவர் சொல்லுவார், அவ்வளவுதான். கோடை பண்பலை 100.5-இல் நாடகம் கேட்டுப் பழகியவர்களுக்கு முதல் அரை மணி நேரம் இது சப்பென்று இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் சரியாகிவிடும்.

தமிழ் ஆப்களில் இரண்டு வகையும் கலந்து கிடக்கிறது. சத்தம், இசை எல்லாம் சேர்த்த தொடர்களும் உண்டு, நாவலை நேரடியாக வாசித்ததும் உண்டு. சுருக்கிய பதிப்பா முழுப் பதிப்பா என்றும் பார்த்து எடுங்கள். திகில் நாவலைச் சுருக்குகிறவர்கள் முதலில் வெட்டுவது ஒன்றுமே நடக்காத பக்கங்களைத்தான். பயம் கூடுவதே அந்தப் பக்கங்களில்.

படிக்கிறதைவிடக் கேக்கிறது ஏங்க்கா இவ்ளோ பயமா இருக்கு?

புத்தகம் கையில் இருந்தால் வேகம் உங்களுடையது. பயம் வந்ததும் கண் தானாக நாலு வரி தாண்டி ஓடும். பக்கத்தின் அடியில் ‘வந்தது பூனைதான்’ என்று இருப்பதை ஓரக்கண் பார்த்துவிடும். காதுக்கு அந்த வசதி கிடையாது. அடுத்த சொல் வாசிப்பவரின் வாயில் இருக்கிறது, அவர் விடும்போதுதான் வரும்.

சத்தத்தைக் கூட்டித்தான் பயமுறுத்துகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆடியோபுக் விற்கிற ஆடிபிளின் தயாரிப்புத் தளமான ஏ.சி.எக்ஸ். கேட்கும் தரத்தைப் பாருங்கள்: பதிவின் சராசரி அளவு −23 முதல் −18 டெசிபலுக்குள் இருக்க வேண்டும், உச்சம் −3-ஐத் தாண்டக் கூடாது (பதிவுக்குள் அளக்கும்போது பூஜ்யம்தான் உச்ச எல்லை, அதனால்தான் மைனஸ்). அலறலையும் ஓர் எல்லைக்குள் அடக்கித்தான் தர வேண்டும். அதனால் நல்ல வாசிப்பாளர்கள் நம்புவது இடைவெளியை.

அந்த இடைவெளியையும் வெறுமையாக விடமாட்டார்கள். யாரும் பேசாதபோது பதிவறை எப்படி ஒலிக்கிறதோ, அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு எடிட்டர் அங்கே நிரப்புவார். அதனால் ஹெட்செட்டில் கேட்கும்போது ஓர் அறை இருப்பது தெரிகிறது. அந்த அறையில் ஒருவர் இருக்கிறார், ஆனால் பேசாமல் இருக்கிறார். இதற்கு மேல் பேய் எதற்கு?

முதல் தடவை கேக்கப் போறேன். எதுல ஆரம்பிக்கலாம்?

ஆறேழு மணி நேரத்துக்குள் முடிகிற கதை, ஒரே வீடு, நாலைந்து ஆட்கள், ‘நான்’ என்று ஒருவரே சொல்லிக்கொண்டு போவது. இந்த நாலும் இருந்தால் போதும். பாத்திரங்கள் அதிகமானால் ‘இந்த ராகவன் யார்’ என்று பக்கத்தைத் திருப்பிப் பார்க்கக் காதால் முடியாது. ஆங்கிலம் வருகிறவர்கள் உடனே டிராகுலாவைத் தேடுகிறார்கள். 1897-இல் வந்த அந்த நாவல் முழுக்க நாட்குறிப்பும் கடிதமும் செய்தித்தாள் துண்டுகளும்தான். பல குரல்களில் வாசித்தால் காதுக்கு அருமையாக இருக்கும், ஆனால் நீளம். இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

எடுப்பதற்கு முன்னால் மாதிரிப் பகுதியை ஐந்து நிமிடம் கேளுங்கள். கதாநாயகி டீ குடிக்கிறதையே பேய்க்குரலில் வாசிக்கிறார் என்றால் வேண்டாம். பேய் வரும்போது அவரிடம் மிச்சம் எதுவும் இருக்காது.

எங்க எஸ்டேட் லைன் வீட்டுல சிக்னலே இல்லீங்க. எப்படிக் கேக்கிறது? எவ்ளோ எம்.பி. ஆகும்?

டவுனுக்கு வருகிற அன்று இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பேச்சுக்குப் போதுமான 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 29 எம்.பி. ஆகும். பத்து மணி நேர நாவல் 290 எம்.பி. சொச்சம். 128 தரத்தில் அதுவே இரட்டிப்பு. ஒற்றைக் குரலுக்கு 64-க்கும் 128-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிற காது எங்கள் ஊரில் யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

இறக்கிய பிறகு, பஸ் ஏறுவதற்கு முன், போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ‘டவுன்லோடு ஆச்சு’ என்று காட்டினாலும் முதல் அத்தியாயம் மட்டும் இறங்கியிருக்கும். சந்தா கட்டுகிற ஆப்களில் சந்தா முடிந்தால் இறக்கி வைத்ததும் திறக்காது, அதையும் கவனியுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விடும். அப்போது பாதியில் நிற்கிற பேய்க்கதை, முழுதாகக் கேட்ட பேய்க்கதையைவிட மோசம்.

ஹெட்செட் போடணுமா, ஸ்பீக்கர்ல கேட்டா ஆகாதா?

வாசிப்பவர் மூச்சை இழுப்பது, குரல் லேசாக நடுங்குவது எல்லாம் ஸ்பீக்கரில் கரைந்துபோகும். அதனால் ஹெட்செட்தான் என் கட்சி. கடைக்காரி சொன்னால் இப்படித்தான் சொல்வாள் என்று நினைப்பீர்கள், பரவாயில்லை.

ஆனால் இரண்டு காதிலும் மாட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஒற்றைக் குரல் ஆடியோபுக் பெரும்பாலும் மோனோ பதிவு. இடது காதில் வருவதேதான் வலது காதிலும் வரும். ஒரு பக்கம் மட்டும் மாட்டினாலும் கதையில் ஒரு சொல் குறையாது. ஸ்டீரியோவாக வந்தால் போன் செட்டிங்கில் அணுகல்தன்மைப் பகுதியில் ‘மோனோ ஆடியோ’ இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். இன்னொரு காது சும்மா இருந்தால் வெளியில் வருகிற சத்தமும் கேட்கும்.

மழை பேஞ்சா தகரக் கூரை சத்தத்துல ஒண்ணும் கேக்கல. ஃபுல் வால்யூம் வைக்கிறேன், காதுக்குக் கெடுதலா?

கெடுதல்தான். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் வரை என்று உலக சுகாதார நிறுவனம் அளவு வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணி. ஃபுல் வால்யூமில் ஒரு முழு நாவலைக் கேட்டால் அந்த வாரக் கணக்கு எப்போதோ தாண்டியிருக்கும்.

தகரத்து மழை எல்லாச் சுருதியிலும் ஒரே நேரத்தில் இரைகிறது. அதில் முதலில் மூழ்குவது ச, த, ப மாதிரியான மெல்லிய ஒலிகள், அதனால் குரல் கேட்கும் ஆனால் சொல் புரியாது. வால்யூமைக் கூட்டுவதற்குப் பதிலாகக் காதுக்குச் சரியான அளவு ரப்பர் முனையை மாற்றிப் பாருங்கள். டப்பாவில் மூன்று சைஸ் வரும், பலர் பிரிப்பதே இல்லை. சத்தத்தைக் குறைக்கும் வசதி உள்ள இயர்பட்ஸ் என்றால், ஒரே சீரான அடித்தொனியை நன்றாக அமுக்கும், தகரத்தில் விழுகிற படபடப்பை அந்த அளவுக்கு அமுக்காது. ஐப்பசிக் கனமழைக்கு எதுவும் நிற்காது. அன்றைக்குக் கதையை மூடிவிட்டு மழையைக் கேளுங்கள்.

1.5 ஸ்பீடுல வெச்சா சீக்கிரம் முடியுமே?

பத்து மணி நேரம் ஆறு மணி நாற்பது நிமிடமாகும், வாஸ்தவம். பாடம் கேட்க, செய்தி கேட்க நல்லது. திகில் நாவலுக்கு மட்டும் வேண்டாம் என்பேன். மேலே சொன்ன இடைவெளிதான் இதில் சரக்கு. மூன்று விநாடி மௌனம் இரண்டு விநாடியானால் பயம் மூன்றில் ஒரு பங்கு குறைவதில்லை, முழுசாகப் போய்விடுகிறது.

இன்னொரு செட்டிங்கையும் பாருங்கள். சில ஆப்களில் மௌனத்தைக் குறைக்கிற வசதி இருக்கும், வேகம் 1 என்றே காட்டும், ஆனால் பேச்சில்லாத இடங்களை மட்டும் உள்ளுக்குள் வெட்டிக்கொண்டே போகும். ‘கதை நல்லா இல்லக்கா’ என்று வருகிறவர்களின் போனை வாங்கிப் பார்த்தால் அடிக்கடி இதுதான் ஆன் ஆகி இருக்கும்.

கேட்டுக்கிட்டே தூங்கிடறேன். காலையில எந்திரிச்சா பேய் எல்லாரையும் கொன்னு முடிச்சிருக்கு.

ஸ்லீப் டைமர் வையுங்கள். ‘அத்தியாயம் முடியும் வரை’ என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். திகில் நாவலில் அத்தியாயம் முடிகிற இடம்தான் நம்மைத் தூங்கவிடாமல் செய்ய எழுதப்பட்டது. 15 அல்லது 20 நிமிடம் என்று வைத்தால் எங்காவது சாதாரணமான இடத்தில் நிற்கும். மறுநாள் இரண்டு மூன்று நிமிடம் பின்னால் போய் ஆரம்பியுங்கள். கண் சொருகும் நேரத்தில் கேட்டது மனதில் தங்காது, கேட்டோம் என்ற நினைப்பு மட்டும் இருக்கும்.

கேட்டுட்டுப் படுத்தா ராத்திரி நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி இருக்கு. கை கால் அசைக்க முடியல. கதையில இருந்த பேய் வந்துருச்சா?

நம் பக்கம் அமுக்குவான் பேய் என்று சொல்வது இதைத்தான். டாக்டர்கள் தூக்கப் பக்கவாதம் என்பார்கள். கனவு காணும் கட்டத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்து செயலற்று இருக்கும், கனவில் ஓடுகிறவர் நிஜமாக எழுந்து ஓடாமல் இருப்பதற்கு உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. சில சமயம் மூளை முன்னால் விழித்துக்கொள்கிறது, தசை விழிப்பதற்குச் சில விநாடிகள், சில சமயம் ஓரிரு நிமிடம் பிந்துகிறது. அந்த நேரத்தில் அறையில் யாரோ நிற்பது போலவும் மார்பை அழுத்துவது போலவும் தோன்றும். தூக்கம் குறைந்தவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் கூடுதலாக வருகிறது.

கதை அதை உண்டாக்குவதில்லை, ஆனால் வருகிற உருவத்துக்கு முகம் கொடுத்துவிடும். இரவு இரண்டு மணி வரை கேட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டால் வருவதற்கு வழியும் விடுகிறீர்கள். கொஞ்ச நாள் கதையைப் பகலுக்கு மாற்றுங்கள், ஒருக்களித்துப் படுங்கள். அடிக்கடி வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

சத்தம் கதையில வந்துச்சா, வெளியில வந்துச்சானே தெரியலக்கா. செத்துட்டேன்.

மலைக்காரர்களுக்கே உரிய சந்தேகம் இது, கோயமுத்தூர்க்காரர்கள் கேட்டதில்லை. முதல் வேலை, நிறுத்து பொத்தானை அமுக்குங்கள். கதைச் சத்தம் என்றால் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் வெளியில். அப்புறம் 15 விநாடி பின்னால் போய்க் கேளுங்கள், கதையில் இருந்தால் அதே இடத்தில் மறுபடியும் வரும். ஒற்றைக் குரல் வாசிப்பில் தனிச் சத்தமே கிடையாது என்பதால், தட்டுகிற ஒலியோ சீட்டியோ கேட்டால் அது உங்கள் வீட்டுச் சமாச்சாரம்தான்.

வீட்டுச் சமாச்சாரங்களில் முதலிடம் மரநாய்க்கு. சீலிங்குக்கு மேலே நடுராத்திரியில் ஆள் நடக்கிற மாதிரி தடதடவென்று போவது அதுதான். வெயில் அடித்த நாளில் இரவு எட்டு ஒன்பதுக்கு மேல் தகரக் கூரை டக், டக் என்று விட்டுவிட்டு அடிக்கும், பகலில் சூடேறி விரிந்த தகரம் குளிரில் சுருங்குகிறது. காற்றடித்தால் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ஒன்றோடொன்று உரசி முனகும். முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்தால் கலகலவென்று யாரோ எதையோ குலுக்குவது போல் இருக்கும். கேளையாடு என்கிற சின்ன மான் குரைக்கும், நாய் என்று நினைப்பீர்கள், ஆனால் ஒரே சுருதியில் இடைவெளி விட்டு விட்டுக் குரைக்கும். கடமான் பழைய லாரி ஹாரன் போல ஒரே ஒரு அடி அடித்து நிறுத்தும். இந்த இரண்டும் தொடர்ந்து கேட்டால் சிறுத்தை பக்கத்தில் போகிறது என்று பொருளாக இருக்கலாம். அன்றைக்கு நாயை உள்ளே கட்டுங்கள், பாத்ரூம் வெளியில் இருந்தால் டார்ச்சோடு துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போங்கள்.

விடியற்காலையில் ஓடைப் பக்கம் யாரோ மெட்டுத் தெரியாமல் சீட்டி அடிக்கிறார்கள் என்றால் அது சீகாரப் பூங்குருவி. நீலகிரியிலும் பழனி மலையிலும் உண்டு. மனிதர் அடிக்கிற சீட்டி மாதிரியே மேலும் கீழும் அலையும். வெள்ளைக்காரர்கள் அதற்குச் சீட்டியடிக்கும் பள்ளிச் சிறுவன் என்றே பேர் வைத்தார்கள். இரவெல்லாம் கதை கேட்டுவிட்டு, நாலரை மணிக்கு அந்தச் சீட்டியையும் கேட்டவர்கள் காலையில் கடை திறக்கும் முன்னாலேயே வந்து நின்றிருக்கிறார்கள்.

சாயங்காலம் தோட்டத்து வழியா வாக்கிங் போறப்ப கேக்கலாமா?

ஹெட்செட்டோடு வேண்டாம், ஒரு காதில்கூட வேண்டாம். கோத்தகிரி, குன்னூர் சுற்றுவட்டாரத்தில் கரடி தேயிலைக்குள்ளேயே திரிகிறது. கரடி தாக்குவது பெரும்பாலும் திடீரென்று கிட்டத்தில் ஆளைப் பார்த்து அது மிரளும்போதுதான். நீங்கள் அதைக் கேட்க வேண்டும், அதுவும் உங்களைக் கேட்க வேண்டும். காட்டெருமையும் அப்படித்தான், சத்தமில்லாமல் வளைவில் நிற்கும். கேட்டே ஆக வேண்டும் என்றால் போன் ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே, நாலு பேராகப் போங்கள்.

நான் டிரைவர்ங்க. மேட்டுப்பாளையம் ரோட்டுல ஓட்டிக்கிட்டே கேக்கலாமா?

பைக்கில் ஹெட்செட் கூடவே கூடாது. வளைவில் எதிர் வண்டி அடிக்கிற ஹாரன்தான் மலைப்பாதையில் பாதிக் கண். காரில் ஸ்பீக்கரில் மெதுவாக வைத்தால் காதுக்குத் தடை இல்லை, மனசுக்குத்தான் தடை. ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும், இறங்கும்போது இரண்டாவது கியரை விடக்கூடாது, மூட்டம் வந்தால் முன்னால் போகிற பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும். இத்தனைக்கும் நடுவில் அந்தப் பெண் மாடிப்படி ஏறலாமா வேண்டாமா என்ற கவலையும் சேர்ந்தால் ஒன்று தவறும். பழைய பாட்டு போடுங்கள். 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிப் பாதையில் அதுவும் வேண்டாம்.

மலை ரயில்ல உக்காந்து கேட்டா சூப்பரா இருக்கும்ல?

இருக்காது. பல்சக்கரம் கடகடக்கும், குகை வந்தால் பெட்டி முழுக்கக் குழந்தைகள் கத்துவார்கள். மொத்தம் 16 குகை. 46 கிலோமீட்டருக்கு டிக்கெட் கிடைப்பதே பெரும்பாடு, கிடைத்தால் ஜன்னலைப் பாருங்கள்.

டிசம்பர்ல இயர்பட்ஸ் சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது. டூப்ளிகேட் கொடுத்துட்டீங்களா?

இல்லை சாமி. லித்தியம் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகும், உள் எதிர்ப்பு கூடும். 40 சதவீதம் காட்டிய போன் திடீரென்று அணைவதும் இதனால்தான். இயர்பட்ஸில் இருக்கிற பேட்டரி சட்டைப் பொத்தான் சைஸ்தான், அது இன்னும் சீக்கிரம் படுத்துவிடும். ஊட்டிப் பக்கம் உறைபனி விழுகிற இரவுகளில் கேஸை மேஜையில் வைக்காமல் சட்டைப் பையிலோ கம்பளிக்குள்ளோ வையுங்கள், சூடானதும் போன சார்ஜில் கொஞ்சம் திரும்பி வரும். உறைகிற குளிரில் சார்ஜ் மட்டும் போடாதீர்கள், பேட்டரி நிரந்தரமாகக் கெடும்.

மூட்டத்தில் நடந்துவிட்டு வந்து ஈரத்தோடு கேஸில் போட்டால் சார்ஜ் ஆகும் முனைகள் பச்சை பிடிக்கும். துணியால் துடைத்துப் போடுங்கள். வாரண்டியில் வராது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பசங்களும் கேக்கணும்னு அடம் பிடிக்கிறாங்க. மாமியாருக்கு பி.பி. வேற. வீட்ல ஓடவிடலாமா?

பசங்களுக்கு வயதைவிடக் குழந்தையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரவு ஒண்ணுக்குப் போக அம்மாவைக் கூப்பிடுகிற பிள்ளைக்கு இன்னும் நாள் இருக்கிறது. கேட்கவிட்டால் பகலில், ஸ்பீக்கரில், நீங்கள் பக்கத்தில் இருந்து. ஹெட்செட் கொடுத்துத் தனியாக விட்டால் எந்த இடத்தில் பயந்தது என்றே உங்களுக்குத் தெரியாது. மாமியார் விஷயம் அவருடைய டாக்டரைக் கேட்க வேண்டியது. திடுக்கிட்டால் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் கொஞ்ச நேரம் ஏறுவது எல்லோருக்கும் உள்ளது. ஒன்று மட்டும் அனுபவத்தில் சொல்கிறேன், நம் வீட்டுப் பாட்டிகள் இதற்கெல்லாம் அசருவதில்லை. ‘இது என்ன பேய், எங்க ஊர்ல…’ என்று அவர்கள் ஆரம்பித்தால் ஆடியோபுக்கை நிறுத்திவிட்டு அதைக் கேட்கலாம்.

யூடியூப்ல எல்லா நாவலும் சும்மாவே இருக்கே, எதுக்குக் காசு?

எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை இந்தியாவில் காப்புரிமை உண்டு. அதற்கு உட்பட்ட நாவலை யாரோ வாங்கி, அனுமதி இல்லாமல் முழுக்க வாசித்து ஏற்றினால் அது திருட்டுச் சரக்கு. பாதியில் சேனலே காணாமல் போகும், கதையும் போகும். நியாயமாக இலவசமாகக் கிடைப்பதும் நிறைய இருக்கிறது. காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துத் தரும் லிப்ரிவாக்ஸ் 2005-இலிருந்து இயங்குகிறது, ஆங்கிலத்தில் பழைய பேய்க்கதைகள் குவிந்து கிடக்கின்றன. மேலே சொன்ன டிராகுலாவும் அங்கே உண்டு, அதன் ஆசிரியர் இறந்தது 1912-இல். தமிழில் நாட்டுடைமை ஆன நூல்களை யார் வேண்டுமானாலும் வாசித்துப் பதிவிடலாம்.

இப்பல்லாம் கம்ப்யூட்டரே படிக்குதே, அதுல கேட்டா என்ன?

சமையல் குறிப்புக்குப் போதும். தமிழில் இன்னும் ‘1820’ஐ எண் எண்ணாக வாசிப்பதும், ஆள் பெயரில் க-வையும் ப-வையும் தப்பாக அழுத்துவதும் நடக்கிறது. பயந்துகொண்டிருக்கும்போது சிரிப்பு வந்துவிடும். அதைவிட, புள்ளி வந்தால் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவு நிறுத்தம்தான். ‘கதவைத் திறந்தாள். உள்ளே யாரும் இல்லை.’ இந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். ஒரு நல்ல வாசிப்பாளர் நம்மைக் கதவுக்கு வெளியிலேயே நிற்க வைத்துவிடுவார்.

எல்லாக் கதையிலும் ஊட்டி பங்களா, வெள்ளைக்காரப் பேய். நம்ம ஊர் மாதிரியே இல்லையே?

கீழே இருந்து இரண்டு நாள் வந்து போனவர்கள் எழுதியது அப்படித்தான் இருக்கும். கதையின் காலத்தைக் கவனியுங்கள். கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் வந்து வீடு கட்டியது 1819-இல். 1820-களில் நடக்கிறதாகச் சொல்லும் கதையில் மலை முழுக்கத் தேயிலையும் கற்பூர மரக்காடும் வந்தால், எழுதியவர் இன்றைய மலையைப் பார்த்து எழுதியிருக்கிறார். இரண்டும் அதற்குப் பின்னால் வந்தவை. அன்றைக்கு இருந்தது புல்வெளியும் பள்ளங்களில் சோலையும். என்னைக் கேட்டால் இருட்டுச் சோலையைவிட அந்த வெட்டவெளிப் புல்வெளியில்தான் பயம் அதிகம், ஒளிய இடமே இல்லை. அதை யாரும் எழுதக் காணோம்.

சல்லிவனின் வீடு கன்னேரிமுக்கில் இப்போதும் இருக்கிறது, நினைவகமாக. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் வந்து பார்த்துப் போகிறார்கள். பேய் இருந்தாலும் அந்தக் கூச்சலில் போயிருக்கும்.

குறும்பர் மந்திரவாதியா வர்ற நாவல் ஒண்ணு கேட்டேன். பயமா இருந்துச்சு, ஆனா என்னமோ உறுத்துது. தப்பாக்கா?

உறுத்தியது சரிதான். குறும்பர்கள் இந்த நீலகிரியின் பழங்குடி மக்கள். மந்திரம் தெரிந்த காட்டுக்காரர் என்பது எழுத்தாளருக்கு மலிவாகக் கிடைக்கிற சரக்கு. ஆனால் இந்த மலையில் அது வெறும் கதையாக நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில், சூனியம் வைத்தார்கள் என்ற சந்தேகத்தின் பேரில் குறும்பர்கள் கொல்லப்பட்டது பதிவாகியிருக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு கேட்டால், பயப்பட வேண்டிய ஆள் கதையில் வேறு யாரோ என்று தோன்றும்.

கேட்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். காதால் கேட்கும்போது இன்னொன்றும் வெளியே வரும்: வாசிப்பவர் அந்தப் பாத்திரத்துக்கு எந்தக் குரல் கொடுக்கிறார் என்று. மற்ற எல்லோரும் மனுசராகப் பேசும்போது அவர் ஒருவர் மட்டும் கொச்சையாக உறுமினால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். எனக்குத் தெரிந்த குறும்ப அக்கா ஒருவர் கடைக்கு வந்து கேட்டது, மோனோ செட்டிங் எங்கே இருக்கிறது என்பதை.

முடிவை என் தங்கச்சி சொல்லிட்டா. இனிமே கேட்டு என்ன பிரயோஜனம்?

பாதிக் கதைகளுக்குப் பிரயோஜனம் உண்டு. அதிர்ச்சி போய்விட்டது, ஆனால் ‘அவள் அந்த அறைக்குப் போகப் போகிறாள்’ என்று தெரிந்துகொண்டு காத்திருப்பது போகவில்லை, சிலருக்கு அதுவே கூடுதல் அவஸ்தை. தொழில்முறை வாசிப்பாளர்கள் பதிவுக்கு முன்னாலேயே நாவலை முழுக்கப் படித்துவிடுவார்கள். முடிவு தெரிந்த ஒருவர், தெரியாத மாதிரி முதல் அத்தியாயத்தை வாசிக்கிறார். இப்போது உங்களுக்கும் தெரியும் என்பதால், அவர் எந்தெந்த வரியில் குரலை இறுக்கிப் பிடிக்கிறார் என்று கண்டுபிடிக்கலாம்.

யார் செய்தது என்ற ஒரே கேள்வியை நம்பி ஓடுகிற கதை என்றால் விட்டுவிடுங்கள். வாங்கிய ஆப்பில் மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், சிலவற்றில் உண்டு. அடுத்த புத்தகத்தின் பெயரைத் தங்கச்சியிடம் சொல்ல வேண்டாம்.